தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பார்க்காமல் 'தாங்கும்' என்று எழுதாதீர்கள்

அமெரிக்க நகராட்சிகளின் உயர்மட்டத் தண்ணீர்த் தொட்டிகளில் செல்போன் ஆன்டெனாக்களை மாற்றத் தாங்குதிறன் அறிக்கை தயாரிக்கும் பொறியியல் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அவற்றில் முத்திரையிடும் பொறியாளர்களுக்கும்:

முந்தைய அறிக்கையில் உள்ளதைவிடத் தொட்டியின் மொத்த எடை 5 சதவீதத்துக்குள் கூடினால் கணினி மாடல் போட வேண்டாம், மேலே ஆள் ஏற்றி அளக்க வேண்டாம், ஒரு பக்கக் கடிதத்தில் 'தாங்கும்' என்று எழுதி அன்றைக்கே ஃபைலை முடித்துவிடலாம் என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இதை எங்களால் ஏற்க முடியாது. இந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது நாங்கள். மாடல் போடுவது, டிராயிங் வரைவது, படங்களைப் பார்த்துக் குழாய் அளவை ஊகிப்பது எல்லாம் நாங்கள்தான். முத்திரை அமெரிக்காவில் விழுந்தாலும் கணக்கு நம் ஊர் அலுவலகங்களில்தான் நடக்கிறது. அதனால் இந்த மடல் தமிழில். இதே வேலையைச் செய்யும் மற்றவர்களும் படிக்க வேண்டும்.

முதலில் அந்த 5 சதவீதம். 5,00,000 கேலன் கொள்ளளவு உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேலன் தண்ணீர் 3.785 கிலோ. நிரம்பிய தொட்டியில் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 1,893 டன். அதில் 5 சதவீதம் 94 டன்னுக்கு மேல். எந்த ஆன்டெனா மாற்றமும் 94 டன்னைத் தொடாது. மூன்று செல்போன் நிறுவனங்கள் சேர்ந்து ஏறினாலும் ரேடியோ பெட்டி, கேபிள், சட்டம் எல்லாம் சேர்த்துச் சில டன்கள்தான் வரும். மொத்த எடையோடு ஒப்பிடும் சோதனையில் எந்தத் தொட்டியும் தோற்காது. தோற்கவே வாய்ப்பில்லாத ஒன்றுக்குச் சோதனை என்று பெயர் வைத்து அதன் கீழே கையெழுத்துக் கேட்கிறீர்கள்.

இருக்கும் கட்டடங்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு இப்படிச் சொல்லவில்லை. அதில் உள்ள 5 சதவீதம் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. செங்குத்துச் சுமை தாங்கும் ஒரு தூணிலோ உத்தரத்திலோ மாற்றத்தால் சுமை 5 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த உறுப்பு புதிய கட்டடத்துக்கான அளவுகோலைத் தாங்க வேண்டும் என்பதே விதி. காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் தனி வரம்பு உண்டு. தேவைக்கும் தாங்குதிறனுக்கும் உள்ள விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. நீங்கள் விட்டுவிடும் வாக்கியம் ஒன்றும் அங்கேயே இருக்கிறது: இந்த ஒப்பீட்டில், முதலில் கட்டிய நாளிலிருந்து சேர்ந்த எல்லா மாற்றங்களின் கூட்டு விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'முந்தைய அறிக்கையைவிட' என்று ஒப்பிட்டால் கணக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. பத்துப் பத்து சதவீதமாக நான்கு முறை கூடினால் மொத்தம் 46 சதவீதம். நான்கு கடிதங்களும் தனித்தனியே சரியாகத் தெரியும், தொட்டியின் மேல் நிற்பது மட்டும் தவறாக இருக்கும்.

இனி காற்று. எடையை வைத்துப் பேசுபவர்கள் கவனிக்காத பகுதி இதுதான். தண்ணீர்த் தொட்டிகளுக்காக அமெரிக்க நீர்ப்பணிகள் சங்கம் (ஏ.டபிள்யூ.டபிள்யூ.ஏ.) வகுத்த டி100 தரத்தில், உருளைப் பரப்புக்குக் காற்றுத் தடைக் கெழு 0.6, இரு திசையிலும் வளைந்த பரப்புக்கு 0.5. உருண்டையை உரசிக்கொண்டு காற்று எளிதில் விலகிப் போவதால் இவ்வளவு குறைவு. தட்டையான பேனல் ஆன்டெனாவுக்கு, ஆன்டெனாக் கட்டமைப்புகளுக்கான டி.ஐ.ஏ.-222 தரத்தின்படி அதன் நீள அகலத்தைப் பொறுத்து 1.2 முதல் 1.4 வரையும் அதற்கு மேலும் போகும். 5,00,000 கேலன் தண்ணீரை ஓர் உருண்டையில் அடைத்தால் விட்டம் சுமார் 15.3 மீட்டர், முகப்புப் பரப்பு 185 சதுர மீட்டர். 0.5ஆல் பெருக்கினால் காற்றுக்குக் கணக்காகும் பரப்பு 92 சதுர மீட்டர். 8 அடி நீளமும் 20 அங்குல அகலமும் உள்ள ஒரே ஒரு பேனல் ஆன்டெனாவின் முகப்பு 1.24 சதுர மீட்டர். 1.3ஆல் பெருக்கினால் 1.6 சதுர மீட்டர். எல்லா ஆன்டெனாவும் ஒரே நேரத்தில் காற்றுக்கு முகம் காட்டாது என்று கழித்துக்கொண்டாலும், மூன்று நிறுவனங்களின் ஆன்டெனாக்கள், ரேடியோ பெட்டிகள், தாங்கும் குழாய்ச் சட்டம் எல்லாம் சேர்ந்து 30 சதுர மீட்டரை எளிதில் தாண்டும். அதுவும் தொட்டியின் உச்சியில், நெம்பு நீளம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில். எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு என்று ஒதுக்கப்பட்ட பொருள் காற்றில் மூன்றில் ஒரு பங்காக வந்து நிற்கிறது.

600 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அலைவரிசைகள் வந்த பிறகு ஆன்டெனாக்கள் நீண்டும் அகன்றும் விட்டன. முன்பு தரையில் அறைக்குள் இருந்த ரேடியோ பெட்டிகளும் ஆன்டெனாவின் முதுகுக்குப் பின்னால் ஏறிவிட்டன. 'ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்கிறோம்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாலும் பழையதும் புதியதும் ஒரே பொருள் அல்ல.

கால்கள் உள்ள பழைய தொட்டிகளில் இந்தக் காற்று எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். கால்களுக்கு இடையே குறுக்காக ஓடும் இரும்புக் கம்பிகள் இழுவிசையை மட்டும்தான் தாங்கும். பக்கவாட்டு விசை முழுவதும் அவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது. கம்பியைவிட அதன் முனையில் உள்ள முள்கரண்டி இணைப்பும் முளையும் முதலில் சோரும் தொட்டிகள் உண்டு. கம்பியை இறுக்கிப் பிடிக்கும் திருகான டர்ன்பக்கிள் தளர்ந்து கம்பி தொங்கிக்கொண்டிருந்தால் எங்கள் மாடலில் வேலை செய்யும் கம்பி நிஜத் தொட்டியில் வேலை செய்யாது. இதை எந்த பழைய அறிக்கையும் சொல்லாது, பக்கத்தில் போய்க் கையால் ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். காற்றுக்குத் தொட்டி காலியாக இருக்கும் நிலையையும் சோதிக்க வேண்டும். நிரம்பிய தொட்டியைத் தண்ணீரே அழுத்திப் பிடித்திருக்கும். பெயின்ட் அடிக்க வடித்துவிட்ட தொட்டியில் அடித்தள நங்கூர போல்ட்டுகள் மேல்நோக்கிய இழுவையைத் தனியாகத் தாங்க வேண்டும். நிரம்பிய நிலையை மட்டும் ஓட்டிவிட்டு முடித்த அறிக்கைகள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

முழுத் தொட்டியும் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆன்டெனா நிற்பது முழுத் தொட்டியில் அல்ல, ஒரு குழாயில். அந்தக் குழாய் நிற்பது ஒரு தகட்டில். கூரைத் தகடு பல தொட்டிகளில் 3/16 அங்குலம்தான், 4.8 மில்லிமீட்டர். ஒரு கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறோம். காற்றின் வேகம் மணிக்கு 115 மைல், திறந்தவெளி, உயரம் 40 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய 2.06 கிலோநியூட்டன்/சதுர மீட்டர். மேலே சொன்ன 8 அடி ஆன்டெனாவின் மீது விசை 3.3 கிலோநியூட்டன். இது உச்ச நிலைக்கான விசை; அதைப் பணிநிலைக்குக் குறைக்க 1.6ஆல் வகுத்தாலும் 2.1 கிலோநியூட்டன். இதைக் கூரைக் கைப்பிடிக் கம்பியில் யூ-போல்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கைப்பிடி, மேலே நடக்கும் மனிதன் சாய்ந்தால் விழாமல் இருப்பதற்கு. தொழிலாளர் பாதுகாப்பு விதி அதற்குக் கேட்பது 200 பவுண்டு, 0.89 கிலோநியூட்டன். ஒற்றை ஆன்டெனா அதன் இரு மடங்குக்கு மேல் தள்ளுகிறது. அந்தக் கைப்பிடியைத் 'தற்போதுள்ள மவுன்ட்' (ஆன்டெனாவைத் தாங்கும் சட்டம்) என்று பெயரிட்டு டிராயிங்கில் ஏற்றிவிடுகிறோம்.

கைப்பிடி வேண்டாம், கூரையில் நேராகப் பற்றவைத்த தனிக் குழாய்க் கால் என்று வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். ஆன்டெனாவின் நடுப்புள்ளி கூரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அடியில் வளைவுத் திருப்புவிசை 5 கிலோநியூட்டன் மீட்டர். சந்தையில் எங்கும் கிடைக்கும் 2 அங்குல ஸ்கெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் வகை) குழாயின் தாங்குதிறன் சுமார் 2.7 கிலோநியூட்டன் மீட்டர். பாதியிலேயே வளைந்துவிடும். குழாயை 4 அங்குலமாக்கினால் குழாய் தாங்கும், ஆனால் முழு விசையும் 4.8 மில்லிமீட்டர் தகட்டின் ஒரு சிறு வட்டத்தில் குவியும். அங்கே தேவைப்படுவது கனமான அடிப்பட்டைத் தகடும், வளைந்த ஓட்டில் புள்ளிச்சுமைக்கான தனிக் கணக்கும். அழுத்தக்கலன் துறையில் இதற்கு வெல்டிங் ஆய்வுக் கழகத்தின் 107ஆம் அறிக்கை முறை பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. உங்கள் ஒரு பக்கக் கடிதத்தில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

இந்தக் கணக்கு எல்லாம் குழாய் புதிதாக இருந்தால். மேல்முனை திறந்த குழாய்க்கால்களில் மழைநீர் இறங்கி அடியில் தேங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே சுவர் உதிர்ந்துகொண்டிருக்கும். 3.9 மில்லிமீட்டர் சுவர் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் வளைவுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தரையிலிருந்து எடுத்த படத்திலோ டிரோன் படத்திலோ இது தெரியாது. அல்ட்ராசோனிக் தடிமன் கருவியை அடிப்பகுதியில் நாலா பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டின் தடிமனையும் சேர்த்து அளந்துவிடாமல் இருக்க எதிரொலிக்கு எதிரொலி அளக்கும் முறையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் துருப்பிடித்த குழாய் தடிமனானதாகக் காட்டும். அந்தத் தவறான எண் மாடலில் ஏறி நிரந்தரமாகிவிடும்.

மேலே ஏறும் ஆள் எடுத்து வர வேண்டியவை இவை: ஒவ்வொரு குழாயின் வெளிவிட்டம், சுவர்த் தடிமன், நீளம், யூ-போல்ட்டின் விட்டம், நட்டுகள் எத்தனை, எது தளர்வு, வெல்டின் அளவும் நீளமும், முழுச் சுற்றா துண்டு துண்டா என்பதும், ஒவ்வொரு கருவியின் மாடல் எண் தெரியும் படம், அளவு நாடாவோடு எடுத்த படம், ஒவ்வொரு ஆன்டெனாவின் உயரமும் திசையும், கேபிள் எந்த வழியாக ஏறுகிறது, எதில் தொங்குகிறது என்பது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பயன்பாட்டில் இல்லாத பழைய கோஆக்சியல் கேபிள்களை யாரும் இறக்குவதில்லை. 1-5/8 அங்குலக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. பன்னிரண்டு கேபிள்கள் 45 மீட்டர் தொங்கினால் 650 கிலோ. ஏணிப்படிகளிலேயே கட்டித் தொங்கவிட்டு, ஏறுபவரின் பாதுகாப்புக் கயிற்றுக்கு இடைஞ்சலாக விட்டிருப்பதும் சாதாரணம். உங்கள் கருவிப் பட்டியலில் இவை 'அகற்றப்படும்' என்று இருக்கும். முந்தைய அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது.

வெல்டிங் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாங்குதிறன் போதாது என்று வந்தால் உடனே 'கூடுதல் தாங்கிகளை வெல்ட் செய்க' என்று டிராயிங்கில் குறிப்பு எழுதச் சொல்கிறீர்கள். குடிநீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் வைக்கும் வெல்ட் உட்சுவரின் பூச்சைக் கருக்கும். கருகிய இடத்தில் துரு உள்ளிருந்து தொடங்கும். அந்த இடத்தைத் திரும்பப் பூச வேண்டுமென்றால் தொட்டியை வடிக்க வேண்டும், குடிநீருக்கு உகந்தது என்று சான்று பெற்ற பூச்சையே பூச வேண்டும், காய்ந்து, கிருமி நீக்கி, தண்ணீரைச் சோதித்த பிறகே திறக்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் கூரையின் அடிப்பக்கம் இன்னும் ஆபத்தானது. எப்போதும் ஈரக்காற்றும் குளோரினும் படும் அந்தப் பகுதியில் பூச்சு போனால் மற்ற இடங்களைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பழைய தொட்டிகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அதைச் சோதிக்காமல் வெல்ட் செய்தால் புகையைச் சுவாசிப்பவர் வெல்டர். இவை எதையும் யோசிக்காத ஒற்றை வரிக் குறிப்பு எங்கள் கையால் எழுதப்படுகிறது.

துளைகளும் அப்படித்தான். கேபிளை உள்ளே கொண்டுபோகக் கூரையில் இடும் துளை, ஆள் நுழையும் மூடியின் விளிம்பில் வெட்டும் இடைவெளி, காற்றுப்போக்கியின் வலையை விலக்கி நுழைக்கும் வயர், இவை எல்லாம் பறவைக்கும் பூச்சிக்கும் வழி. 1993இன் இறுதியில் மிசௌரி மாநிலத்தின் கிடியன் என்ற சிற்றூரில் சால்மொனெல்லா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். சரியாக மூடப்படாத தண்ணீர்த் தொட்டிக்குள் புறாக்களின் கழிவு போய்ச் சேர்ந்ததுதான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அங்கே காரணம் ஆன்டெனா அல்ல. ஆனால் தொட்டியின் உச்சியில் ஒரு மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எங்கள் டிராயிங்குகளில் துளைக்கு உறையும் அடைப்பும் வரைந்து காட்டும் விவரப்படம் பெரும்பாலும் இல்லை. 'ஒப்பந்தக்காரர் சரிபார்க்கவும்' என்ற குறிப்புத்தான் இருக்கிறது.

இன்னொரு சறுக்கல், ஆபத்து வகை: கட்டமைப்பு விழுந்தால் எவ்வளவு பாதிப்பு வரும் என்பதை வைத்துத் தரும் வகை. தீயணைப்புக்கு அழுத்தம் காக்கத் தேவையான தண்ணீர்த் தொட்டியைச் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு நான்காம் வகையில், மருத்துவமனைகளின் வரிசையில் வைக்கிறது. நிலநடுக்கத்துக்கு முக்கியத்துவக் கெழு 1.5. நாங்கள் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டில் எல்லாக் கோபுரங்களுக்கும் போல இரண்டாம் வகை என்றே நிரப்பி வைத்திருக்கிறீர்கள். அதை மாற்றினால் 'பாஸ்' மாறிவிடும் என்பதால் மாற்ற வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. இதை வேறு எப்படியும் மென்மையாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

அவசரத்துக்கு நீங்கள் சொல்லும் காரணம் கூட்டாட்சிச் சட்டம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6409ஆம் பிரிவும், அதன்கீழ் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2014இல் வகுத்த விதிகளும், தகுதியுள்ள மாற்ற விண்ணப்பத்தை 60 நாளுக்குள் அனுமதிக்க வேண்டும் என்கின்றன. அந்தக் கெடு உள்ளாட்சிக்கு, பொறியாளருக்கு அல்ல. பொதுவான கட்டட, கட்டமைப்பு, பாதுகாப்பு விதிகளைக் கேட்கும் உரிமையை அது பறிக்கவில்லை. தொட்டியின் சொந்தக்காரராக, குத்தகை கொடுப்பவராக நகராட்சி பேசும்போது அந்தப் பிரிவு பொருந்தாது என்பதையும் அதே ஆணை சொல்கிறது. விதியைக் காட்டி எங்களை விரட்டுவதற்கு முன் அந்த விதியை முழுவதும் படியுங்கள்.

பழைய டிராயிங் இல்லை என்பதும் பாதி உண்மைதான். பெரும்பாலான தொட்டிகளில் கட்டியவர் பெயர், ஆண்டு, கொள்ளளவு, ஒப்பந்த எண் பொறித்த தகடு ஒன்று இருக்கும். அதைப் படம் எடுத்து வந்தால் மூல டிராயிங்கைத் தேட வழி பிறக்கும். நகராட்சியின் தண்ணீர்த் துறையிடம் அண்மைய உட்புற ஆய்வறிக்கையைக் கேட்டால் தகட்டின் இப்போதைய தடிமன் கிடைக்கும். இவற்றைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பக்கூட எங்களுக்கு இன்று அனுமதி இல்லை.

எனவே நாங்கள் கேட்பது இவை. 5 சதவீதக் கடித நடைமுறையைத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு உடனே திரும்பப் பெறுங்கள். அதன்கீழ் ஏற்கெனவே போன கடிதங்களின் பட்டியலை எடுத்து, கைப்பிடியில் கட்டிய ஆன்டெனாக்களும் கூரையில் பற்றவைத்த ஒற்றைக் கால்களும் உள்ளவற்றை முதலில் மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். தகுதியுள்ளவர் மேலே ஏறி எடுத்த அளவும் தடிமன் அளவீடும் இல்லாமல் எந்த மவுன்ட் அறிக்கையும் வெளியே போகக் கூடாது. தொட்டிக்கு டி100, மவுன்ட்டுக்கு டி.ஐ.ஏ.-222, இரண்டையும் இணைக்கும் தகட்டுக்குத் தனிக் கணக்கு என்று மூன்றும் ஒவ்வோர் அறிக்கையிலும் இருக்க வேண்டும். காலித் தொட்டி நிலையும் நிரம்பிய நிலையும் இரண்டும் ஓட்டப்பட வேண்டும். ஒப்பீடு மூல வடிவமைப்போடு நடக்க வேண்டும். ஆபத்து வகையைத் தொட்டியின் சொந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். கைவிடப்பட்ட கேபிளும் கருவியும் இறக்கப்பட்டதற்குப் படம் வரும்வரை அவற்றைச் சுமையாகவே கணக்கிட வேண்டும். வெல்டிங்கும் துளையும் உள்ள டிராயிங் தண்ணீர்த் துறையின் ஒப்புதல் இல்லாமல் ஒப்பந்தக்காரரிடம் போகக் கூடாது.

கடைசிக் கோரிக்கை எங்களுக்கானது. 'தகவல் போதாது, முடிவு சொல்ல இயலாது' என்று எழுதும் உரிமை கணக்குப் போடுபவருக்கு வேண்டும். அப்படி எழுதியவரின் பெயர் உற்பத்தித் திறன் அட்டவணையில் சிவப்பாக மாறக் கூடாது. இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று முத்திரையிடும் பொறியாளரின் கையெழுத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதில் வரும்வரை அளவு இல்லாத தொட்டி ஃபைல்களில் 'தாங்கும்' என்ற சொல்லை நாங்கள் தட்டச்சு செய்ய மாட்டோம்.

இப்படிக்கு,
தண்ணீர்த் தொட்டி அறிக்கைகளில் பணிபுரியும் கட்டமைப்புப் பொறியாளர்களும் வரைவாளர்களும்